'பாஸ்' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் 'பாஸ்' என்னும் வினைக்குக் 'கடந்து செல்' என்பதே அடிப்படைப் பொருள். உணவு மேசையில் அது 'இப்படிக் கொடு', சட்டமன்றத்தில் 'நிறைவேற்று', தேர்வில் 'தேறு'. பின்னால் 'அவே' சேர்ந்தாலோ ஆள் காலமாகிவிடுகிறார்! பட்டம் பெற்றதும் நாம் பெருமையுடன் 'பாஸ் அவுட்' என்கிறோம். லண்டன்வாசி நாம் மயங்கி விழுந்ததாக எண்ணக்கூடும்.

இச்சொல் பிரெஞ்சு மொழியின் 'பாஸ்ஸே'யிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுவையில் இந்த உறவே வம்பு. பிரெஞ்சில் தேர்வைப் 'பாஸ்ஸே' செய்வதென்றால் தேர்வு எழுதுவதுதான். தேறியதைச் சொல்ல 'ரெயுஸ்ஸீர்' என்னும் வேறு வினை வேண்டும். லிசேயில் பயின்றவர் அதே நினைவில் வேலைக்கு ஆங்கில விண்ணப்பம் எழுதினால், எழுதிய தேர்வெல்லாம் தேறிய தேர்வாகிவிடும். சான்றிதழ் கேட்கும்போதுதான் சங்கடம்.