மெய்நிகர் கணினிக்கு ஒரு தனி வழி

ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகளை இயக்கி, ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாதபடி காக்கும் வித்தை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். ஸ்தாபனத்தார் நடத்திவந்த விஞ்ஞான மையத்தில், ராபர்ட் கிரீஸியின் தலைமையில் உருவாகி 1967-ஆம் ஆண்டு ஜனவரியில் வேலை செய்யத் தொடங்கிய சி.பி.-40 என்னும் அமைப்பு, ஒரு கணினியை 14 தனிக் கணினிகளாகப் பாவித்து, முழு இயந்திரமும் தமக்கே உரியது என்று ஒவ்வொருவரும் எண்ணி வேலை செய்யும் சௌகரியத்தை அளித்தது. அன்று பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டுமே எட்டிய அந்த யுக்தி, இன்று சாதாரண மடிக்கணினியில் எவரும் அரைமணி நேரத்தில் நிறுவிக்கொள்ளும் விஷயமாகிவிட்டது.

ஆயினும் நினைவகத்தையும் சேமிப்பு வட்டையும் கண்டிப்பாகப் பங்கிட்டுக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில், பலரும் கவனியாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு, அது வலையமைப்பு. சந்தேகத்துக்கு இடமான நிரலை மெய்நிகர் கணினியில் திறந்து ஆராய்கிற ஆராய்ச்சியாளரும், தமக்குச் செய்தி தருபவர் யார் என்பது வெளிப்படலாகாது என்ற கவலையோடு அதில் கடிதம் எழுதுகிற பத்திரிகையாளரும், அலுவலகக் காரியம் சொந்தக் காரியத்தோடு கலக்கலாகாது என்று அதை ஒதுக்கி வைத்திருக்கிற உத்தியோகஸ்தரும், உள்ளே சுவர் எழுப்பியதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தச் சுவருக்குள்ளிருந்து புறப்படும் ஒவ்வொரு பாக்கெட்டும், மெய்நிகர் கணினியைத் தாங்கி நிற்கும் மூலக் கணினியின் பாதையிலேயே, மூலக் கணினியின் முகவரியையே தாங்கி வெளியேறுகிறது என்பதை நினைப்பதில்லை. மெய்நிகர் கணினியைப் பிரித்துவிட்டோம் என்று சொல்ல வேண்டுமானால் அதன் வழியையும் பிரித்தாக வேண்டும். அந்த வழி அடைபடும்போது வேறெந்த வழியாலும் அது வெளியேறாதபடி காத்தாக வேண்டும். முன்னதைச் செய்பவர்கள் பலர். பின்னதைச் செய்பவர்கள் சிலரே.

ஒரே வாசல்

விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் தானாகத் தேர்ந்துகொள்வது நாட் எனப்படும் முகவரி மாற்று முறை. அதில் மெய்நிகர் கணினிக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கிறது. ஒண்டுக்குடித்தன வீட்டில் எத்தனை குடும்பங்கள் இருந்தாலும் தெருவுக்கு ஒரே வாசலும் தபாலுக்கு ஒரே கதவிலக்கமுமாக இருப்பதுபோல, உள்ளே எத்தனை கணினிகள் இருப்பினும் வெளியுலகத்துக்குத் தெரிவது மூலக் கணினியின் முகவரி ஒன்றுதான். இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இம்முறையில் உள்கணினி தொடங்கும் இணைப்பை விர்ச்சுவல்பாக்ஸ் நிரலே மூலக் கணினியில் தன் பெயரால் புதிதாகத் தொடங்குவதனால், இயக்குதளத்தின் கண்ணுக்கு அது மற்றெந்த நிரலின் போக்குவரத்தையும் போலவே தோன்றுகிறது. ஆகவே, உள்கணினியின் முகவரியைக் குறித்து எத்தனை விதிகள் எழுதினாலும் அவற்றுக்குப் பிரயோஜனம் இல்லை.

2007-ஆம் ஆண்டு லினக்ஸின் 2.6.20 பதிப்பில் சேர்ந்த கே.வி.எம். என்னும் மெய்நிகர் முறையில், லிப்வர்ட் என்ற மென்பொருள் நிர்வகிக்கும் வழக்கமான வலையமைப்பு வேறு விதமானது. அங்கே உள்கணினிகள் 192.168.122.0/24 என்ற தொகுதியில் முகவரி பெற்று, ஒரு மெய்நிகர் பிரிட்ஜ் வழியாக மூலக் கணினியின் கர்னலை அடைகின்றன. முகவரி மாற்றம் இங்கும் நடக்கிறது. ஆனால் எந்தப் பாதையில் செல்வது என்று கர்னல் தீர்மானித்த பிறகே நடக்கிறது. தீர்மானம் நிகழும் தருணத்தில் பாக்கெட்டின் உண்மையான புறப்பாட்டு முகவரி அழியாமல் இருப்பதால், அதைப் பார்த்து வழி பிரிப்பது சாத்தியமாகிறது.

வழி பிரிக்கும் உபாயங்கள்

லினக்ஸ் கர்னல் ஒரே ஒரு ரவுட்டிங் அட்டவணையோடு நின்றுவிடுவதில்லை; பல அட்டவணைகளை வைத்துக்கொண்டு, எந்தப் பாக்கெட்டுக்கு எந்த அட்டவணை என்பதை வரிசையான விதிகளால் நிர்ணயிக்க இடம் தருகிறது. 192.168.122.0/24 தொகுதியிலிருந்து வருவது எதுவாயினும் 100-ஆம் அட்டவணையைப் பார்க்கட்டும் என்று ஒரு விதியும், அந்த அட்டவணையில் வி.பி.என். எனப்படும் மறையாக்கத் தனி இணைப்பை நோக்கிய டீஃபால்ட் பாதையும் எழுதிவிட்டால், மூலக் கணினி தன் வழக்கமான அகலப்பட்டை இணைப்பில் செல்ல, உள்கணினி வி.பி.என். வழியே செல்லும்.

இரண்டாவது உபாயம், மற்றொரு வலையட்டையைப் பொருத்தி, அதைப் பிரிட்ஜில் சேர்த்து, அந்தப் பிரிட்ஜுக்கு மூலக் கணினியின் சார்பில் ஐ.பி. முகவரியே கொடாமல் விடுவது. அப்போது உள்கணினி வெளியிலுள்ள ரவுட்டரோடு நேரே பேசுகிறது. மூலக் கணினியின் ரவுட்டிங் அட்டவணைக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் வைஃபை அட்டையில் இது எளிதாகக் கைகூடுவதில்லை. தன்னோடு பதிவு செய்துகொண்ட மேக் முகவரியைத் தவிர வேறொன்றிலிருந்து வரும் ஃபிரேம்களை அக்சஸ் பாயிண்ட் பொதுவாக ஏற்பதில்லை என்பதே காரணம். மூன்றாவது உபாயம், இன்டல் வி.டி.-டி போன்ற வசதியைக் கொண்டு, அட்டையையே மூலக் கணினியிடமிருந்து எடுத்து உள்கணினியிடம் ஒப்படைத்துவிடுவது.

அடைபடும் வேளை

ஏற்பாடு எதுவாயினும், அதன் தன்மை விளங்குவது அது ஒழுங்காக ஓடும் நாளில் அன்று. அறுந்து விழும் கணத்தில்தான். மேலே சொன்ன 100-ஆம் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். வி.பி.என். இணைப்பு அறுந்து அதன் இடைமுகம் மறைந்ததும், அதைச் சார்ந்த பாதையும் அட்டவணையிலிருந்து நீங்கிவிடுகிறது. அட்டவணையில் பாதை காணாத கர்னல், பாக்கெட்டைத் தடுத்து நிறுத்துவதில்லை. அடுத்த விதிக்குச் சென்று, பொது அட்டவணையைப் பார்த்து, மூலக் கணினியின் வழியிலேயே அதை அனுப்பிவைக்கிறது. திரையில் எச்சரிக்கை இல்லை. பக்கம் வழக்கம்போல் திறக்கிறது. எந்த முகவரியை மறைப்பதற்காக இத்தனை பிரயாசையும் எடுத்துக்கொண்டோமோ அந்த முகவரி எதிர்த்தரப்பின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. இதைத் தடுக்க, அதே அட்டவணையில் தாழ்ந்த முன்னுரிமையோடு, செல்ல இடமில்லை என்று மறுக்கும் பாதை ஒன்றையும் சேர்த்து வைப்பது அவசியம். ஒரே ஒரு வரிதான். ஆனால் முழு ஏற்பாட்டின் நாணயமும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

பெயர் வினவலும் இவ்வாறே கசியக்கூடியது. லிப்வர்ட் வலையமைப்பில் உள்கணினியின் டி.என்.எஸ். கேள்விகளுக்கு விடை தேடுவது, மூலக் கணினியில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல். அது மூலக் கணினியின் பிரஜை. ஆதலால் தன் கேள்விகளை மூலக் கணினியின் பாதையிலேயே அனுப்புகிறது. பாக்கெட்டுகள் வி.பி.என். வழியே போனாலும், எந்தத் தளத்தைத் தேடினோம் என்ற செய்தி பழைய வழியே போய்விடும். உள்கணினிக்கு வி.பி.என்.னுக்கு அப்பால் உள்ள டி.என்.எஸ். முகவரியை நேரே கொடுப்பதே இதற்குப் பரிகாரம். ஐ.பி.வி.6 நெறிக்கு அட்டவணையும் விதிகளும் தனியாக இருப்பதால், அதையும் தனியே வகுக்க வேண்டும். இல்லையேல் அடைத்துவிட வேண்டும்.

வலையில்லாத மூலக் கணினி

இந்தச் சிந்தனையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் போலந்து நாட்டு ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா. அவர் 2010-ஆம் ஆண்டு அறிவித்த க்யூப்ஸ் இயக்குதளத்தில், டோம்0 எனப்படும் அதிகாரப் பகுதிக்கு வலைத் தொடர்பே கிடையாது. வலையட்டை ஒரு தனி மெய்நிகர் கணினியிடம் இருக்கிறது. தடுப்பு விதிகளை அடுத்ததொரு கணினி கவனிக்கிறது. பயனர் வேலை செய்யும் கணினிகள் ஒவ்வொன்றும் எதன் வழியே வெளியேற வேண்டும் என்பதைத் தனித்தனியே குறிப்பிட்டுவிடலாம். அந்த வரிசையில் ஹூனிக்ஸ் என்னும் அமைப்பின் வாயில் கணினியைச் சேர்த்தால், அதன்பின் உள்ள கணினியின் போக்குவரத்து டோர் வலையமைப்பு வழியாக மட்டுமே வெளியேறும். வாயில் கணினி நின்றுபோனால் உள்ளிருப்பதும் மௌனமாகிவிடும். இங்கே தடுப்பு என்பது மறந்துபோகக்கூடிய ஒரு விதியாக இல்லாமல், மாற்று வழியே இல்லாத அமைப்பாகவே நிற்கிறது.

எல்லோரும் க்யூப்ஸுக்கு மாற வேண்டும் என்பது என் வாதம் அன்று. அதற்கேற்ற வன்பொருளும் பொறுமையும் எல்லோரிடமும் இருப்பதில்லை. ஆனால் எந்த உபாயத்தைக் கைக்கொண்டவராயினும் ஒரு பரிசோதனையைச் செய்தே தீர வேண்டும். மூலக் கணினியின் அட்டையில் டிசிபிடம்ப் என்ற நிரலைக் கொண்டு போக்குவரத்தைக் கவனித்தபடி, வி.பி.என். இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, உள்கணினியிலிருந்து ஒரு தளத்தைத் திறக்க முயல வேண்டும். ஒரு பாக்கெட்டாவது வெளியேறினால் நாம் செய்திருப்பது பிரிவினை அன்று, அலங்காரம். அதை நம்பித் தம் பெயரையும் பிழைப்பையும் நம்மிடம் ஒப்படைத்தவருக்கு நாம் இழைத்திருப்பது துரோகம். எதுவும் வெளியேறாமல் உள்கணினி திகைத்து நின்றால்தான், அதற்குத் தனி வழி உண்டு என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகிறது.