சம்பள நாளும் சமையல் அடுப்பும்

விறகை விட்டு ஒரு கிராமத்து வீடு கேஸுக்கு மாற என்ன வேண்டும்? இணைப்பு கிடைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம், 2019 செப்டம்பருக்குள் 8 கோடி ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பைக் கொண்டு சேர்த்தது. பெரிய சாதனைதான். ஆனால் 2019-20இல் அந்தக் குடும்பங்கள் வாங்கியது சராசரியாக 3 சிலிண்டர். ஓர் ஆண்டுச் சமையலுக்கு அது பாதிகூடக் காணாது. மீதியை விறகுதான் வேகவைத்தது.

விறகு அடுப்பில் முழுதாக எரிவதில்லை. ஈரமும் போதாத காற்றும் சேர்ந்து, எரியாத நுண்துகள்களையும் கார்பன் மோனாக்சைடையும் புகையாக வெளித்தள்ளுகின்றன. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடி வரை போகும். குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் இதனால் பெருகுகின்றன. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இவ்வளவு கேடு இருந்தும் விறகு ஏன் போகவில்லை? ‘விறகடுப்புச் சோற்றின் ருசி வராது’ என்பார்கள். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அடுப்பும் கேஸும் 18 மாதம் இலவசமாக வீடு தேடி வந்தன. அந்த வீடுகள் விறகை ஏறக்குறைய முழுதாகவே கைவிட்டன. ருசி குறுக்கே நிற்கவில்லை. தடை கையிருப்புப் பணத்தில்தான் இருந்தது.

இங்குதான் வயலுக்கு வெளியே கிடைக்கும் வேலை கணக்கை மாற்றுகிறது. விளைச்சல் காசு அறுவடைக்கு அறுவடைதான் வரும். சிலிண்டர் தீர்ந்தால் முழுத் தொகையையும் அன்றே எடுத்து வைக்க வேண்டும். மில், கட்டட வேலை, கடை என்று மாதமோ வாரமோ கூலி வரும் வீட்டுக்கு அந்தத் தொகை எட்டும். 2018-19 தேசிய மாதிரி ஆய்வில் விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063; பயிர் தந்தது 3,798 மட்டுமே. விவசாயக் கூலியும் இதில் அடக்கம் என்றாலும், பயிரை மட்டும் நம்பி வீடு ஓடுவதில்லை என்பது தெளிவு.

அடுத்தது நேரம். சுள்ளி பொறுக்கக் காசு வேண்டாம், ஆனால் பொழுது வேண்டும். காலையில் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அந்தப் பொழுது கூலியாகவே தெரிகிறது. மாடு குறைந்தால் வறட்டியும், சாகுபடி குறைந்தால் பருத்திமாரும் குறைகின்றன. விறகு ‘இலவசம்’ என்ற எண்ணம் அப்போது கலைகிறது.

ஆனால் யார் சம்பாதிக்கிறார் என்பதும் முக்கியம். ஆண் மட்டும் வெளியூர் போய், அனுப்பும் பணம் கடனுக்கே சரியாகிவிட்டால், வயல் வேலையும் விறகுச் சுமையும் சேர்ந்தே பெண்ணின் தலையில் விழும். தன் கையில் கூலி வாங்கும் பெண்ணால்தான் சிலிண்டருக்கு முதலிடம் கேட்க முடியும்.

ஆகவே புகையில்லாச் சமையலறைக்கு மானியம் மட்டும் போதாது. ஊருக்கு அருகிலேயே பெண்களுக்கு வேலை, போய்வரப் பாதுகாப்பான பேருந்து, நாள் தவறாத கூலி, கையில் உள்ள காசுக்கு ஏற்ற 5 கிலோ சிலிண்டர் ஆகியவையும் எரிசக்தித் திட்டத்தின் பகுதிதான். இவற்றைத் தனித்தனித் துறைகளின் வேலையாகப் பிரித்துவைத்திருக்கும் வரை, கொடுத்த இணைப்புகளில் பாதிப் பயனைத்தான் பெறுவோம்.