ஒரு ரூபிளுக்கு எத்தனை ரூபாய்? நெய்வேலியிலிருந்து ஒரு கணக்கு

வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்களுக்கு ரேட் பார்ப்பது தினசரி வேலை. திர்ஹம் இன்று எவ்வளவு, தீனார் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். ரூபாய் விழுந்தால் வீட்டுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். ஆனால் வெளிநாட்டுப் பணத்தில் கடன் வாங்கியவருக்கு இதே வீழ்ச்சி நேர்மாறாக வேலை செய்யும். இதைப் புரிந்துகொள்ள நெய்வேலியின் கதை ஒன்றே போதும்.

வளையமாதேவி என்ற பெயரைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்தது 2023 ஜூலையில். என்.எல்.சி. சுரங்க விரிவாக்கத்துக்காக, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்களை இறக்கிக் கால்வாய் வெட்டிய நாட்கள் அவை. அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது 1956ல். அதன் முதல் அனல்மின் நிலையத்தைக் கட்ட இந்தியாவிடம் அந்நியச் செலாவணி இல்லை. 1957ல் சோவியத் யூனியன் 50 கோடி ரூபிள் கடன் தர முன்வந்தது. ராஞ்சியின் கனரக இயந்திர ஆலை உள்ளிட்ட சில திட்டங்களோடு நெய்வேலி மின் நிலையமும் அந்தக் கடனில் அடக்கம். 1962ல் முதல் யூனிட் ஓடியது. பிறகு 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020ல் அந்த நிலையம் மூடப்பட்டது.

கடனின் விதி எளிமையானது. வட்டி ஆண்டுக்கு 2.5 சதவீதம், 12 ஆண்டுத் தவணை. டாலர் தேவையில்லை, ரூபாயாகவே கட்டலாம். அந்த ரூபாயை மாஸ்கோ எடுத்துப் போகாது. இங்கேயே தேயிலை, மிளகு, முந்திரி, தோல், செருப்பு என்று சரக்காக வாங்கிக்கொள்ளும். கேட்க மிக நல்ல ஏற்பாடு. ஆனால் கடன் எழுதப்பட்டது ரூபிளில். ஒரு ரூபிளுக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்விக்குப் பதில் சொன்னது தங்கம்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இவ்வளவு தங்கம் என்று ஒரு எடை அறிவிக்கப்பட்டிருந்தது. 1961ல் சோவியத் அரசு பத்து பழைய ரூபிளை ஒரு புதிய ரூபிளாக மாற்றியபோது, புதிய ரூபிளின் எடை 0.987412 கிராம். நம் ரூபாயின் எடை 0.186621 கிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரு ரூபிள் 5 ரூபாய் 29 பைசா.

1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனது. ரூபாயின் தங்க எடையும் 0.118489 கிராமாக இறங்கியது. ரூபிளின் எடை அப்படியே இருந்ததால் அது ஒரே நாளில் 8.33 ரூபாய் ஆகிவிட்டது. முந்தைய நாள் 529 ரூபாயாக இருந்த 100 ரூபிள் கடன், மறுநாள் 833 ரூபாய். 2.5 சதவீத வட்டி என்று பெருமையாகப் பேசப்பட்ட கடன், ஒரு நாளில் 57 சதவீதம் ஏறியது. கடன் பத்திரத்தில் எல்லோரும் வட்டி வரியைத்தான் பார்க்கிறார்கள். எந்தப் பணத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்ற வரியை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. (குவைத் தீனார் வைத்திருந்தவருக்கு அன்று லாபம். 13.33 ரூபாயாக இருந்த தீனார் 21 ரூபாய் ஆனது.)

அடுத்த குழப்பம் 1971ல் வந்தது. டாலருக்குத் தங்கம் தர முடியாது என்று அமெரிக்க அதிபர் நிக்சன் கைவிரித்ததும், தங்க எடைக் கணக்கே அர்த்தமிழந்தது. ரூபிளின் மதிப்பு கூடிவிட்டது, அதிக ரூபாய் வேண்டும் என்றது மாஸ்கோ. அறிவித்த தங்க எடை மாறவில்லை, 8.33தான் என்றது டெல்லி. ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு 1978 நவம்பர் 25 ஒப்பந்தத்தில் முடிந்தது. ஒரு ரூபிள் 10 ரூபாய். இனி பல நாட்டுப் பணங்களின் கூட்டு மதிப்பை வைத்து ரேட் மாறும் என்று முடிவானது. இந்த இடத்தில்தான் இந்தியா மாட்டிக்கொண்டது என்பது என் கருத்து. ரேட் பிற நாட்டுப் பணங்களோடு கட்டப்பட்டதே தவிர, ரஷ்யச் சந்தையில் ரூபிளின் உண்மை நிலை அதில் சேரவே இல்லை. 1990 தொடக்கத்தில் காகிதத்தில் ஒரு ரூபிள் ஏறக்குறைய 19.9 ரூபாய். அதற்குள் பாக்கியின் பெரும்பகுதி மின் நிலையக் கடன் அல்ல, ஆயுதம் வாங்கிய கடன்.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் இல்லாமல் போனது. அடி முதலில் விழுந்த இடங்களில் ஒன்று நம் வட்டாரம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகள் மாஸ்கோ ஆர்டரை நம்பி இயந்திரம் போட்டிருந்தன. வாங்குபவர் ஒரு அரசாங்கம் என்பதால் பேரம் குறைவு, அளவு அதிகம். அந்த அரசாங்கமே போனபோது புது வாடிக்கையாளரை ஐரோப்பாவில் தேட வேண்டியதாயிற்று. ரூபாய்–ரூபிள் ஏற்பாட்டில் ஊறிப்போன பலருக்கு அது எளிதாக இல்லை.

1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் டெல்லி வந்தார். மாஸ்கோ சந்தையில் அப்போது ஒரு டாலருக்கு 400 ரூபிளுக்கு மேல்; நம் கணக்கில் ஒரு ரூபிள் பத்து பைசாகூடப் பெறாது. ஆனாலும் பாக்கியில் 63 சதவீதத்தை 1990ன் 19.9 ரூபாய் ரேட்டிலேயே, வட்டியுடன் 12 ஆண்டுகளில் கட்ட இந்தியா ஒப்புக்கொண்டது. மீதி 37 சதவீதம் 45 ஆண்டுகளில், வட்டியில்லாமல். செத்துப்போன பணத்துக்கு உயிருள்ள விலையா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் வாங்கிய இயந்திரமும் ஆயுதமும் பத்து பைசாப் பொருளல்ல என்ற ரஷ்யாவின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

உக்ரைன் போருக்குப் பிறகு இதே கதை திசைமாறித் திரும்பியது. நாம் ரஷ்ய எண்ணெயை வாங்கிக் குவித்தோம். அவர்கள் வாங்கும் இந்தியச் சரக்கோ குறைவு. 2023 மே மாதம் கோவா வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் பல நூறு கோடி ரூபாய் தேங்கிக் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த முடியவில்லை என்றார். இம்முறை ரேட்டைப் பார்த்துக் கவலைப்படுவது மாஸ்கோ.