புதுக் காரும் செராமிக் கோட்டிங்கும்

செராமிக் கோட்டிங் என்று கடைகளில் விற்கப்படுவது, காரின் பெயின்ட் மீது கையால் தேய்த்துப் பூசும் ஒரு திரவம். பாலிசிலாசேன், சிலாக்ஸேன் போன்ற சிலிக்கன் சேர்மங்கள் கரைப்பானில் கலந்திருக்கும். பூசியதும் கரைப்பான் ஆவியாகிவிடும். மிஞ்சிய பொருள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த வலையாக இறுகும். சூளையில் சுடுவது எதுவும் இதில் கிடையாது. 30 அல்லது 50 மில்லி பிடிக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒரு முழுக் காருக்குப் போதும். இறுகி முடிந்த படலத்தின் தடிமன் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மைக்ரான். மனிதத் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதைத் தெரிந்துகொண்டால், இந்தப் பூச்சிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதில் பாதி விளங்கிவிடும்.

அந்தப் படலம் உட்காரும் இடம் க்ளியர் கோட். ஆலையில் கார்த் தகட்டுக்கு முதலில் பாஸ்பேட் குளியல். பிறகு மின்சாரம் பாய்ச்சித் துருத்தடுப்புப் ப்ரைமர் ஏற்றும் தொட்டி. அதன்மேல் சர்ஃபேசர், நிறம், கடைசியாக நிறமில்லாத க்ளியர் கோட். எல்லாம் சேர்ந்தே 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் க்ளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருளும் அதில்தான் கலக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை மெஷின் பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகும். போனது திரும்ப வராது. வெளியிலிருந்து க்ளியர் கோட்டுக்கு வரும் அடியில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்வதே கோட்டிங்கின் வேலை.

எந்த அடியை என்பதில்தான் விற்பனையாளர் சொல்வதற்கும் நடப்பதற்கும் இடைவெளி. கோட்டிங் போட்ட பரப்பில் தண்ணீர் பரவாது. முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். தூசியும் சேறும் முன்போல இறுகப் பிடிப்பதில்லை, கழுவுவது எளிதாகிறது. சோப்பு, லேசான அமிலம், காரம், தார்த்துளி, பூச்சி ஒட்டல் ஆகியவற்றுக்கு வெறும் க்ளியர் கோட்டைவிடக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். நிறத்தின் ஆழமும் சற்றுத் தூக்கலாகத் தெரியும். உண்மையான பயன் இவ்வளவுதான். இது குறைவான பயனும் அல்ல. ஆனால் லாரிச் சக்கரம் தெறிக்கும் கல்லை இது தடுக்காது. பார்க்கிங்கில் பக்கத்து வண்டி உரசுவதைத் தடுக்காது. காருக்குள் சூட்டைக் குறைக்காது. கடற்கரை ஊர்களில் துருவைத் தடுக்கும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. துரு பெரும்பாலும் கதவின் அடிவிளிம்பிலும், மட்கார்டின் உட்புறத்திலும், கல்லடி பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்திலும் தொடங்குகிறது. அந்த இடங்களை மேற்பூச்சு எட்டுவதே இல்லை.

விளம்பரங்களில் அதிகம் குழப்புவது ‘9எச்’ என்ற முத்திரை. இது பென்சில் சோதனையின் அளவு. 6பி முதல் 9எச் வரையிலான பென்சில்களின் முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்வில், குறித்த எடையோடு பரப்பின்மேல் தள்ளுவார்கள். கீறாத பென்சில்களில் மிகக் கடினமானது எதுவோ அதுவே அந்தப் பரப்பின் மதிப்பு. வரிசையின் கடைசிப் பென்சில் 9எச் என்பதால் அதற்கு மேல் அளக்க வழியில்லை, அவ்வளவுதான். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. இந்த 9 அந்த வரிசையில் வைரத்துக்கு அடுத்த 9 அல்ல. நம் தெருத் தூசியில் கலந்திருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் மோஸ் கடினம் 7. பென்சிலின் கிராஃபைட்டும் களிமண்ணும் அதன் முன் நிற்காது. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைத்தால், 9எச் கோட்டிங் மீதும் சிலந்தி வலை போன்ற கீறல் விழுந்தே தீரும்.

மாற்றுகளில் பழையது வேக்ஸ். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு நல்ல பளபளப்பு தரும். ஆனால் நம் வெயிலில் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம். ஷோரூம் பில்லில் ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று சேர்த்துவிடுவது இன்னும் பல இடங்களில் வழக்கம். டெஃப்லான் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். வாணலிக்கு அதை உயர்ந்த சூட்டில் சுட்டு ஏற்றுகிறார்கள். பெயின்ட் அடித்த காரை அப்படிச் சூடாக்க முடியாது. எனவே அந்தப் பெயரில் வருவது நடைமுறையில் ஒரு பாலிஷ் அல்லது சீலன்ட்தான். அதற்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிப்பதே நல்லது. ‘கிராஃபீன் கோட்டிங்’ என்பவற்றிலும் அடிப்படை அதே சிலிக்கன் ரெசின்தான். கூடுதல் விலைக்கு ஏற்ற கூடுதல் பலனை விற்பவர் காட்ட வேண்டும்.

பி.பி.எஃப். எனப்படும் பாலியூரித்தேன் படலம் வேறு இனம். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள ஒட்டுப்படலம் அது. கல்லடியைத் தாங்கும், மெல்லிய கீறல்கள் சூடுபட்டால் மறையும். செலவும் அதற்கேற்ப. நல்ல செராமிக் வேலை பொதுவாகப் பத்து, பதினைந்தாயிரம் ரூபாயில் தொடங்கும் என்றால், முழுக் காருக்கு பி.பி.எஃப். லட்சத்தை எளிதில் தொடும். நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு முன்பம்பர், பானெட், கண்ணாடிக் கூடு ஆகியவற்றுக்கு மட்டும் படலம் ஒட்டி, மற்ற இடங்களுக்குக் கோட்டிங் போடுவது பணத்தைச் சரியாகச் செலவிடும் வழி.

கோட்டிங் வேலையில் குப்பியின் பங்கு சிறியது. அதற்கு முந்தைய தயாரிப்பின் பங்கே பெரியது. புதுக் கார்தானே, நேராகப் பூசிவிடலாம் என்ற எண்ணம் தவறு. ஆலையிலிருந்து லாரியில் ஏறி, மாதக்கணக்கில் ஸ்டாக்யார்டில் வெயில் மழையில் நின்று, டெலிவரிக்கு முந்தைய நாள் ஏதோ ஒரு துணியால் அவசரமாகத் துடைக்கப்பட்ட வண்டி அது. இரும்புத் துகளும் தார்த்துளியும் ஒட்டியிருக்கும். வட்டக் கீறல்களும் இருக்கலாம். கோட்டிங் கண்ணாடி போன்றது என்பதால் அடியில் இருக்கும் கீறலையும் கறையையும் அப்படியே பூட்டிவைத்துக் காட்டும். ஆகவே கழுவுதல், இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம், க்ளே எனப்படும் பிசினால் வருடுதல், தேவைப்படும் இடத்தில் மட்டும் மெல்லிய பாலிஷ், பாலிஷின் எண்ணெயை நீக்க ஆல்கஹால் கலந்த துடைப்பு என்று ஒரு நாள் முழுவதும் தயாரிப்பே நடக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்னும் கடை இவற்றில் எதையோ விட்டுவிடுகிறது.

கடையைத் தேர்ந்தெடுக்கச் சில கேள்விகள் போதும். தூசி புகாத மூடிய இடம் உண்டா, பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி உண்டா, குப்பியை எதிரே உடைத்துத் திறப்பார்களா, பூசிய பிறகு எத்தனை மணி நேரம் வண்டியை உள்ளேயே வைத்திருப்பார்கள்? சென்னை, தூத்துக்குடி போன்ற புழுக்கமான ஊர்களில் கோட்டிங் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். துடைத்துச் சமன்படுத்தச் சற்றுத் தாமதித்தாலும் திட்டுத் திட்டாக, எண்ணெய் வழிந்ததுபோல மேடுகள் நின்றுவிடும். இறுகிய பிறகு பாலிஷ் போட்டே எடுக்க வேண்டும். கடையிலிருந்து வண்டியைத் திரும்ப எடுக்கும்போது விளக்கொளியில் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு பலகையாகப் பார்ப்பது அதற்காகத்தான். எத்தனை கோட் என்ற கணக்குக்குப் பெரிய மதிப்பில்லை. இரண்டாவது கோட் விட்டுப்போன இடத்தை மூடும். ஐந்தாவது கோட் பில்லைத்தான் தடிமனாக்கும்.

ஷோரூமில் வண்டியைக் கழுவாமல் கொடுக்கச் சொல்வதும், பூஜையை முடித்துவிட்டுக் கோட்டிங்குக்கு விடுவதும் நல்ல வரிசை. சென்னையில் பாடிகாட் முனீஸ்வரன் கோயில் வாசலில் நிற்கும் புது வண்டிகளைப் பார்த்தாலே காரணம் தெரியும். பானெட்டில் குழைத்த சந்தனமும் குங்குமமும், மாலையைக் கட்டிய கம்பி உரசும் இடமும், எலுமிச்சைச் சாறு தெறித்த தடமும் பெயின்ட்டுக்கு ஆகாதவை. பொட்டை முன்கண்ணாடியில் வைத்தால் சாமிக்கும் குறையில்லை, பெயின்ட்டுக்கும் கேடில்லை. ஏற்கெனவே பெயின்ட்டில் காய்ந்துவிட்டதென்றால் ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது.

பூசிய முதல் 24 முதல் 48 மணி நேரம் மழையோ பனியோ படக் கூடாது. ஒரு வாரம் சோப்பு போடக் கூடாது. அகச்சிவப்பு விளக்கு வைத்துக் காய்ச்சினால் இந்தக் காத்திருப்பு குறையும்.

அதன்பின் கோட்டிங்கின் ஆயுளைத் தீர்மானிப்பது கழுவும் கையும் கழுவும் தண்ணீரும். தமிழகத்தில் பெயின்ட்டின் முதல் எதிரி வெயிலல்ல, போர்வெல் தண்ணீர். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. அதாவது, ஏற்கத்தக்க குடிநீரே லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் சுண்ணத்தைச் சுமந்துவரலாம். கோட்டிங் போட்ட பானெட்டில் இந்த நீர் பரவாமல் முத்தாக நிற்கும். முத்து காயும்போது அதிலுள்ள உப்பு முழுவதும் ஒரே புள்ளியில் வெள்ளை வளையமாகப் படியும். தண்ணீர் ஒட்டாத அதே குணம், துடைக்காமல் விட்டால் கோட்டிங் காருக்கே கேடாக முடிகிறது. சூடான பானெட்டில் பட்டால் இன்னும் மோசம். வளையத்தைச் சில நாளுக்குள் கவனித்தால் நீர் கலந்த வெள்ளை வினிகரோ, உப்புக் கறை நீக்கும் திரவமோ எடுத்துவிடும். மாதக்கணக்கில் வெயிலில் வெந்து குழி விழுந்துவிட்டால் பாலிஷ்தான் வழி. பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் கோட்டிங்கும் போய்விடும்.

எனவே நிழலில், பானெட் ஆறிய பிறகு கழுவி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். கடைசி அலசலுக்கு மழைநீர் நல்லது. ஏ.சி. குழாயில் சொட்டும் நீரைச் சேர்த்துவைத்தால் அதுவும் உதவும். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு மிகக் குறைவு. தண்ணீரைச் சேமிக்கிறோம் என்று ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் கார் கழுவுவது பல அடுக்ககங்களில் பழக்கம். வீட்டுக்கு வந்த நீரைவிட உப்பு கூடிய நீர் அது. தரை கழுவலாம், காருக்கு வேண்டாம்.

கழுவும் முறை எளிது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியைத் தளர்த்த வேண்டும். பிறகு நடுநிலை பி.எச். உள்ள கார் ஷாம்பு. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அழுக்குக் கையுறையை அலச இன்னொரு வாளி. கூரையிலிருந்து கீழ்நோக்கி வந்து, சக்கரத்துக்குத் தனித் துணி. மைக்ரோஃபைபர் துண்டை ஒற்றி உலர்த்த வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பும் துணிக்கான சலவைத் தூளும் தண்ணீர் உருளும் தன்மையை மங்கவைக்கும். வாட்டர் வாஷ் கடைகளின் சில நுரைகள் கடும் காரம். அங்கே விடும்போது சொந்த ஷாம்புவைக் கொடுத்துவிடலாம், சேஸிஸுக்கு டீசல் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். ஆனால் கோட்டிங்கைக் கொல்வதில் முதலிடம் அடுக்ககங்களில் விடியற்காலை நடக்கும் தினசரித் துடைப்புக்கே. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் இருபது கார்களைச் சுற்றிவரும். இருபதாவது காருக்குக் கிடைப்பது முந்தைய பத்தொன்பதின் மணல். தினமும் கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லி, வாரமோ இரு வாரமோ ஒருமுறை முறையாகக் கழுவுவது மேல்.

பறவை எச்சமும் மரப் பிசினும் காத்திருக்காதவை. வெயிலில் க்ளியர் கோட் சற்று இளகும், மேலே எச்சம் காய்ந்து இறுகும். மாலையில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்த வடிவமே பதிந்துவிடும். கோட்டிங் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு, ஊறியதும் அள்ளி எடுத்தால் போதும்.

ஆறு மாதத்தில் தண்ணீர் உருளவில்லை, கோட்டிங் போய்விட்டது என்ற புகார் அடிக்கடி எழுவது. பல நேரங்களில் கோட்டிங் அப்படியே இருக்கும். மேலே உப்பும் புகைப்படிவும் மூடியிருக்கும். நல்ல ஷாம்பு கழுவல், இரும்புத் துகள் நீக்கி, உப்புக் கறை நீக்கி மூன்றும் செய்த பிறகு தண்ணீர் மீண்டும் உருண்டால் கோட்டிங் உயிரோடு இருக்கிறது. அதன்மேல் சில மாதங்களுக்கு ஒருமுறை சிலிக்கா கலந்த ஸ்ப்ரே அடித்தால் தேய்மானத்தை அந்த ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளும். மூன்றையும் செய்தும் நீர் தட்டையாகப் பரவினால் முடிந்தது என்று பொருள்.

ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு வாரன்டி என்ற தாளைப் பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பராமரிப்புச் சர்வீஸ் கட்டாயம், ஒன்று தவறினால் வாரன்டி செல்லாது, உப்புக் கறையும் எச்சக் கறையும் கீறலும் சேராது என்பவை வழக்கமான நிபந்தனைகள். பராமரிப்புக் கட்டணத்தையும் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். சொன்ன பொருளைப் பூசவில்லை என்று தகராறு வந்தால், தயாரிப்பின் பெயரும் தொகுதி எண்ணும் எழுதிய பில்லே சான்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விபத்தில் ஒரு பலகைக்கு மறுபெயின்ட் அடித்தால் அங்கே கோட்டிங் புதிதாகத்தான் போட வேண்டும், அதுவும் உடனே அல்ல. ஆலைப் பெயின்ட் சுமார் 140 டிகிரி சூட்டில் வெந்து வருவதால் முதல் நாளே பூசலாம். பட்டறைப் பெயின்ட் குறைந்த சூட்டில் காய்வதால் கரைப்பான் வெளியேறச் சில வாரம் விட வேண்டும். மேட் நிற வண்டிகளுக்கு, குறிப்பாக இப்போது பரவலாக ஓடும் மேட் நிறப் பைக்குகளுக்கு, பாலிஷ் போடவே கூடாது. போட்ட இடம் திட்டாகப் பளபளக்கும், பழைய மேட் திரும்பாது. அவற்றுக்கென்று தனிக் கோட்டிங் இருக்கிறது. சாதாரணக் காரில் ஆயுள் முடிந்த பழைய கோட்டிங்கை எடுக்கவும் பாலிஷ்தான் வேண்டும். அதனால் ஆண்டுதோறும் சுரண்டிப் புதிதாகப் பூசுவதைவிட, மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, தடிமன் அளக்கும் கருவியில் எண்ணைப் பார்த்துவிட்டுச் செய்வதே க்ளியர் கோட்டுக்குக் கட்டுப்படியாகும்.