பத்தொன்பது ஆண்டு கழித்து முகம் நினைவிருக்குமா?

1987 மே 22. மீரட் நகரில் கலவரம் ஓயாத நேரம். ஹாஷிம்புரா பகுதியில் வீடு வீடாகச் சோதனை போட்ட உத்தரப் பிரதேச ஆயுதப் படையினர், நாற்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களை லாரியில் ஏற்றிச் சென்றார்கள். இரவில் முராத்நகர் கங்கைக் கால்வாய் ஓரத்திலும், பிறகு ஹிண்டன் ஆற்றங்கரையிலும் அவர்களைச் சுட்டுத் தண்ணீரில் தள்ளினார்கள். குண்டு பட்டும் செத்தவர்போலக் கிடந்த சிலர் உயிர் பிழைத்தார்கள்.

குற்றப்பத்திரிகை 1996-இல்தான் தாக்கலானது. வழக்கை உச்ச நீதிமன்றம் 2002-இல் டெல்லிக்கு மாற்றியது. குற்றச்சாட்டுகள் பதிவாகிச் சாட்சிகள் கூண்டில் ஏறத் தொடங்கியபோது ஆண்டு 2006. உயிர் பிழைத்தவர்கள் லாரியைச் சொன்னார்கள், சீருடையைச் சொன்னார்கள், நடந்ததை வரிசையாகச் சொன்னார்கள். சுட்டவர்கள் இன்னார்தான் என்று முகம் காட்ட அவர்களால் முடியவில்லை. 2015 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் எஞ்சியிருந்த 16 பேரையும் சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தது.

இருட்டு, உயிர்ப் பயம், தலையில் ஹெல்மெட் அணிந்த ஆட்கள். மறுநாளே கேட்டிருந்தாலும் முகங்களைச் சொல்வது கடினம்தான். 19 ஆண்டு கழித்துக் கேட்பது, மனித மூளையிடம் அது எக்காலத்திலும் செய்யாத வேலையைக் கேட்பது.

மறதி சீராக நடப்பதில்லை என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதிவிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டவர் அவர். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அதன்பிறகு சரிவு மெதுவாகியது. முகங்களை அடையாளம் காணும் திறனிலும் பெரிய இழப்பு ஆரம்ப நாட்களில்தான். வழக்கு பத்து ஆண்டு இழுத்ததா, இருபது ஆண்டு இழுத்ததா என்பதைவிட, முதல் வாரத்தில் சாட்சியிடம் யார், எப்படிக் கேட்டார்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது.

மறதியைவிட ஆபத்தானது, மறந்த இடத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்வது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் ‘செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள்?’ என்று உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் முக்கிய விவரம் ஒன்றுகூடப் பழைய பதிலோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பலர் தங்கள் நினைவை உறுதியாக நம்பினார்கள். அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டியபோதும், அந்த முதல் நினைவு யாருக்கும் திரும்பவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. நீதிமன்றக் கூண்டில் தடுமாறும் சாட்சிகளில் எத்தனையோ பேரும் இப்படித்தான்.

குறுக்கு விசாரணை இந்த இடத்தில்தான் அடிக்கிறது. ‘அன்றைக்கு போலீஸில் கத்தி என்றீர்கள், இன்று அரிவாள் என்கிறீர்களே?’ காவல் துறையினர் பதிவு செய்யும் வாக்குமூலத்தை எழுதுபவர் விசாரணை அதிகாரி. சாட்சி அதில் கையெழுத்திடக் கூடாது என்பது சட்டம். மிரட்டி வாங்கும் வாக்குமூலத்திலிருந்து மக்களைக் காக்க வந்த நல்ல விதி அது. ஆனால் அதன் விளைவாக, ஓர் அதிகாரி தன் நடையில் சுருக்கி எழுதியதும், பல ஆண்டு கழித்துச் சாட்சியின் வாயிலிருந்து வருவதும் மோதவிடப்படுகின்றன. சாட்சியிடம் புகைப்படம்போன்ற நினைவை எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1983-இலேயே கூறியிருக்கிறது. எனினும் சிறு முரண்களைக் கோத்துப் பெரிய சந்தேகமாக்க முடிகிறது.

தடயப் பொருட்களுக்கும் ஆயுள் உண்டு. ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால், பாக்டீரியாவும் பூஞ்சையும் டிஎன்ஏ-வைத் துண்டு துண்டாக்கிவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்தால் அதே கறை பல ஆண்டுகள் பேசும். துப்பாக்கியைத் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தால் குழலின் உட்புறம் தேய்ந்து, தோட்டாவில் பதியும் கீறல்களும் மாறிப்போகும்.

மனிதர்களுக்கும் ஆயுள் உண்டு. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் அரசு ஊழியர்கள் ஊர் மக்களுக்கு இழைத்த கொடுமைக்கு 2011 செப்டம்பரில்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அந்த 54 பேர் செய்தது என்ன என்பதற்கு இனி எந்தத் தீர்ப்பும் கிடையாது. தாமதம் நிரபராதியையும் விடுவதில்லை. ‘அன்று நான் ஊரிலேயே இல்லை’ என்பவருக்காகச் சாட்சி சொல்லவேண்டிய கடைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஹாஷிம்புரா வழக்கு அத்துடன் முடியவில்லை. மேல்முறையீட்டில், ஆயுதப் படையின் பொது நாட்குறிப்புப் பதிவேடு புதிய சான்றாக ஏற்கப்பட்டது. அன்று எந்த லாரியில் யார் யார் போனார்கள் என்பது அதில் இருந்தது. 2018 அக்டோபர் 31-இல் நீதிபதிகள் முரளிதர், வினோத் கோயல் அமர்வு 16 பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. கண்கள் இழந்ததைக் காகிதம் வைத்திருந்தது. அந்தப் பதிவேடு 31 ஆண்டு காணாமல் போகாமல் இருந்தது அதிர்ஷ்டம் மட்டுமே. நீதியை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்கக் கூடாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதியச் சொல்கிறது. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில், போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது. நினைவு புதிதாக இருக்கும்போதே இவை நடந்தால்தான் பயன்.

நீங்கள் ஒரு குற்றத்தைக் கண்ணால் காண நேர்ந்தால், அன்றிரவே, யாரோடும் பேசி ஒப்பிட்டுப் பார்க்கும் முன், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தேதியும் நேரமும் போட்டுப் பத்திரமாக வையுங்கள். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் தர வேண்டும் என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள்.