காற்றுக்கு இடம் கொடுக்காதே!

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் லா ஹோயா என்றொரு கடற்கரை இருக்கிறது. அங்கே கரைக்குப் பக்கத்திலேயே கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு தொடங்கிவிடும். அதனால் பெரிய மீன் பிடிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கயாக் என்னும் ஒடுக்கமான சின்னப் படகில் துடுப்புப் போட்டே போய்விடுகிறார்கள். பலருடைய படகில் ஒரு சிறிய திரை இருக்கும். கீழே எவ்வளவு ஆழம், தரை பாறையா மணலா, நடுவில் மீன் இருக்கிறதா என்பதையெல்லாம் அது காட்டும். அதுதான் ஃபிஷ் ஃபைண்டர்.

பார்ப்பவர் கண் திரைமேல்தான் போகும். ஆனால் கடலோடு பேசுவது, வயரின் மறுமுனையில் இருக்கும் டிரான்ஸ்டியூசர். அதற்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அதிரவைத்தால் மின்சாரம் தரும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதை 1880-இல் பிரான்சில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். பியரின் மாணவர் பால் லாஞ்செவின், முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட இதைப் பயன்படுத்தினார். 1948-இல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் அதையே மீன் தேடும் கருவியாக்கி விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்!

இந்த வில்லை பெரும்பாலும் நொடிக்கு 2 லட்சம் தடவை அதிர்கிறது. நம் காதுக்கு 20,000 வரைதான் எட்டும் என்பதால், படகில் இருப்பவருக்கு அந்த ஒலி கேட்காது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். தரையில் மோதி 0.02 நொடியில் எதிரொலி திரும்பினால், ஒலி போய்வந்த தூரம் 30 மீட்டர். அதில் பாதி, 15 மீட்டர், ஆழம்.

சரி, டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது? படகில் ஓட்டை போட யாருக்கும் மனம் வராது. நல்லவேளையாக, பெரும்பாலான மீன்பிடிக் கயாக்குகள் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் செய்தவை. ஒலியைக் கடத்துவதில் அந்தப் பிளாஸ்டிக்கும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே குணம் கொண்டவை. அதனால் டிரான்ஸ்டியூசரைப் படகின் உள்ளே, அடித்தளத்தில் ஒட்டிவிட்டாலும் ஒலி கொஞ்சம் மட்டுமே குறைந்து பிளாஸ்டிக்கைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடும்.

இங்கேதான் ஒரு எதிரி ஒளிந்திருக்கிறது: காற்று. தண்ணீரிலோ பிளாஸ்டிக்கிலோ வரும் ஒலி காற்றைத் தொட்டதும், கிட்டத்தட்ட முழுவதும் வந்த வழியே திரும்பிவிடும். டிரான்ஸ்டியூசருக்கும் படகுக்கும் நடுவே தலைமுடி கனத்தில் ஒரு காற்றுப் படலம் இருந்தாலே போதும், திரை குருடாகிவிடும். வயிற்றில் ஸ்கேன் எடுக்கும்போது டாக்டர் குளிர்ந்த ஜெல் தடவுவாரே, அது கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நிற்காமல் இருக்கத்தான்.

ஆகவே, பொருத்துகிறவர் அவசரப்படக் கூடாது. அலை குத்தும்போது முன்முனை மேலே எழும்பி, அடியில் காற்றுக் குமிழிகளை இழுத்துவிடும். அதனால் எப்போதும் தண்ணீரில் படிந்திருக்கும் சமதளமான நடுப்பகுதிதான் நல்ல இடம். அங்கே எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, கெட்டியான பசையை நடுவில் குவியலாக வைக்க வேண்டும். பிறகு டிரான்ஸ்டியூசரை மெதுவாகத் திருகியபடியே அழுத்த வேண்டும். பசை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவும்போது காற்றையும் வெளியே தள்ளிவிடும். முகம் நேராகக் கீழே பார்க்க வேண்டும். சாய்ந்தால் ஒலியும் சாய்ந்து போகும், ஆழக் கணக்கு தப்பும்.

ஒட்டுவதற்கு முன்பே சோதிக்கவும் வழி உண்டு. படகுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் டிரான்ஸ்டியூசரை வைத்துக் கடலில் இறக்கலாம். நூலில் ஈயக்குண்டு கட்டி ஆழத்தை அளந்து, திரையின் எண்ணோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

உள்ளே ஒட்டுவதில் ஒரு குறையும் உண்டு. டிரான்ஸ்டியூசரில் வெப்பமானி இருந்தால், அது கடலின் வெப்பத்துக்குப் பதில் படகின் வெப்பத்தையே அளக்கும். அதனால் சிலர், படகில் ஏறும் தண்ணீர் வடிவதற்கான துளையில் அதைப் பொருத்தி நேராகக் கடல்நீரைத் தொடவைப்பார்கள். கரையில் இழுக்கும்போது கல்லில் உரசாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் நல்ல முறையே.

இவ்வளவு பாடுபட்டு விரட்டிய அதே காற்றுதான் மீனைக் காட்டிக்கொடுக்கிறது! மீனின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் ஒலி அதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஆனால் பல மீன்களுக்கு, மிதப்பதற்காக வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. ஒலி அதில் மோதித்தான் பலமாகத் திரும்புகிறது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. ஆகவே, அவ்வளவு பெரிய உடம்புக்கு அதன் எதிரொலி குறைவுதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு: எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால் கடல் எவ்வளவு ஆழம்? பாதியாக்க மறக்காதீர்கள். 30 மீட்டர் என்று வந்தால் சரி.