ஏசுவதற்கு ஒரு மெம்பர் இல்லாத ஊர்

ஒழுங்கைக் கதைகள் – 11

சாய்ந்தமருதில் தோணா எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை நீட்டிக் காட்டும். வீடுகளுக்கு நடுவால் வளைந்து போய்க் கடலில் விழும் நீரோடை அது. மாரியில் ஊருக்குள் தேங்கும் தண்ணீரை வாங்கிக் கடலுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அந்த வேலையைச் செய்யவிடாமல் கடல்பக்கத்தில் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது, ஊர்பக்கத்தில் நாம் அடைக்கிறோம். மேலே பச்சைப் பாய் விரித்த மாதிரி சல்வீனியா. அதை ஒரு தடியால் விலக்கிப் பாருங்கள். சொப்பிங் பேக், பிள்ளைகளின் பம்பர்ஸ், உடைந்த பிளாஸ்டிக் கதிரையின் கால், இரவோடு இரவாகக் கொண்டுவந்து கொட்டிய கோழிக்கடைக் கழிவு எல்லாம் கிடக்கும். யார் கொட்டியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரியும்.

மழை விடாமல் பெய்து தண்ணீர் வாசற்படி ஏறினால் பெக்கோ வரும். முகத்துவாரத்தை வெட்டும். தண்ணீர் இறங்கும். நாலு பேர் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த மாரி வரைக்கும் தோணாவின் பேச்சே இருக்காது.

தோணாக் கரையோரத்து ஒழுங்கையில் குடியிருக்கும் ராத்தா ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மழ வந்தா குசினிக்குள்ள தண்ணி, தம்பி. முந்தியெண்டா மெம்பர்ர வாசல்ல போய் நிண்டு நாலு ஏச்சு ஏசிப்போட்டு வருவம். அவர் ஒண்டும் செய்யாட்டியும் மனசாவது ஆறும். இப்ப ஆர்ர வாசலுக்குப் போற?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கல்முனை மாநகர சபையின் கடைசி மெம்பர்களின் பதவிக்காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவோடு முடிந்தது. அன்று முடிந்தது கல்முனைக்கு மட்டுமல்ல, நாட்டிலிருந்த ஏனைய உள்ளூராட்சி சபைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும்தான். ஒரேயொரு வித்தியாசம், மற்ற ஊர்களுக்குப் பிந்தியாவது தேர்தல் வந்தது. 2025 மே 6ஆம் திகதி 339 சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தது. பக்கத்திலிருக்கும் காரைதீவில் நடந்தது, நிந்தவூரில் நடந்தது, சம்மாந்துறையில் நடந்தது. கல்முனை மாநகர சபைக்குள் வசிக்கும் நாங்கள் மட்டும் அன்று விரலில் மை படாமல் வேடிக்கை பார்த்தோம். விஷயம் நீதிமன்றத்தில் இருந்ததுதான் காரணம்.

வழக்குக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. இளம் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெரியவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். 1987க்கு முன்னர் இந்தக் கரையில் கல்முனைப் பட்டின சபை ஒன்றும், கரைவாகு தெற்கு, கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு என்று மூன்று கிராம சபைகளும் இருந்தன. பிரதேச சபைச் சட்டம் வந்த அந்த ஆண்டில் நாலையும் ஒன்றாக்கினார்கள். அந்த ஒன்று வளர்ந்து 2001இல் மாநகர சபையானது. பெரியநீலாவணை, மருதமுனை, நற்பிட்டிமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தன. கரைவாகு தெற்காக இருந்த சாய்ந்தமருது, தனக்குத் தனிச் சபை வேண்டும் என்று கேட்டது. கல்முனைக்காரர்கள், பிரிப்பதென்றால் பழையபடி நாலாகப் பிரியுங்கள் என்றார்கள். 2017இன் கடைசியில் சாய்ந்தமருது நாட்கணக்கில் கடைகளை அடைத்துப் பார்த்தது. 2018 தேர்தலில் தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சைக் குழுவை இறக்கித் தன் வட்டாரங்களை அள்ளியது. 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கு வர்த்தமானி வந்தது. ஊர் கொண்டாடி முடிப்பதற்குள், சில நாட்களிலேயே, அது நிறுத்தப்பட்டது. 2023இல் தேர்தலுக்கு வேட்புமனு எடுக்கும் நேரத்தில் இந்தப் பிணக்கு நீதிமன்றப் படியேறி, கல்முனைத் தேர்தலை நிறுத்திவிட்டது.

யார் கேட்பது நியாயம் என்று இந்தத் தொடரில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. எனக்கு வேறொரு கவலை. எல்லையைப் பற்றிச் சண்டை பிடித்தவர்கள் எல்லாரும், எல்லைக்குள் இருக்கும் கானைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு ஏற்பாடும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

சபை இல்லாவிட்டால் ஊர் நின்றுவிடாது. மாநகர ஆணையாளர் இருக்கிறார், உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், குப்பை மெஷின் வருகிறது, சோலை வரிக்குத் துண்டு தவறாமல் வருகிறது. மெம்பர்கள் இருந்த காலத்தில் தேனும் பாலும் ஓடியதாகவும் யாரும் நினைக்கவேண்டாம். அந்தச் சபைக் கூட்டங்களின் கூச்சல் எங்களுக்கு மறக்கவில்லை. 2011 தேர்தலுக்குப் பிறகு மேயர் கதிரையை இரண்டு இரண்டு வருடமாகப் பங்குபோட்ட கதையும் மறக்கவில்லை. ஆனாலும் மெம்பருக்கு ஒரு பலவீனம் உண்டு. அடுத்த தடவையும் அவர் எங்கள் படியேறி வந்தாக வேண்டும். அந்தப் பயம் இருந்ததால்தான் ஒழுங்கைக்கு ஒரு பல்ப்பாவது வந்தது. உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வரும், வாக்கெடுப்பு வராது.

சரி, மெம்பர் இல்லாத ஊரில் முறைப்பாடு எங்கே போகிறது? பள்ளிவாசலுக்குப் போகிறது. ஜும்ஆ முடிந்ததும் நிர்வாக சபைத் தலைவரை நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை, கட்டாக்காலி மாடு இரவில் நடுரோட்டில் படுத்து மோட்டார் சைக்கிள்காரர்களை விழுத்துகிறது, கானுக்கு மூடி இல்லை. தலைவர் பாவம். அவருக்கு ஜனாஸா, நிக்காஹ், பள்ளிக் கட்டடம் என்று தலைக்கு மேல் வேலை. இருந்தும் அவர் தொலைபேசி எடுத்து யாரையாவது பிடித்துக் கேட்கிறார். பாண்டிருப்பில் இதே வேலை கோயில் நிர்வாகத்தின் தலையில் விழுகிறது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்புக்கு முன்னால் வீதியைத் துப்புரவாக்க வேண்டுமென்றால் அவர்கள்தான் அலைய வேண்டும். கல்முனைக்குடியில் நாகூர் ஆண்டகை பெயரில் கடற்கரைப் பள்ளியில் கொடியேறும் நாட்களிலும் இதே கதைதான்.

பள்ளியும் கோயிலும் ஊர் வேலை பார்ப்பது புதிதல்ல, குற்றமும் அல்ல. சுனாமியில் மையித்துகளைத் தேடி எடுத்ததிலிருந்து எவ்வளவோ அவர்கள்தான் செய்தார்கள். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிகம் பேரைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அந்த நாட்களில் யார் எந்தப் பள்ளி, யார் எந்தக் கோயில் என்று பார்க்கவில்லை. ஆனால் கான் விஷயத்தை அன்றாடம் பள்ளியும் கோயிலும் சுமக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? மருதமுனைக்கு மெஷின் வந்தது, பாண்டிருப்புக்கு வரவில்லை என்பது குப்பைப் பிரச்சினையாக இருக்காது. அது ‘அவங்களுக்குக் கிடைச்சது, எங்களுக்கு இல்ல’ என்று மாறிவிடும். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் பிரச்சினை 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரைக்கும் போனதை மறந்துவிட முடியுமா? அப்படிக் காயம் ஆறாத ஊரில், அடைத்துக்கொண்ட ஒரு கானுக்கும் இன அடையாளம் கொடுப்பது மிகச் சுலபம். சபையில் இருந்தால் தமிழ் மெம்பரும் முஸ்லிம் மெம்பரும் ஒரே மேசையில் இருந்து ஒரே மெஷினுக்காகச் சண்டை பிடித்திருப்பார்கள். அந்தச் சண்டைக்குக் கூட்டறிக்கை இருக்கும், ஆள் பெயர் இருக்கும், முடிவு இருக்கும்.

கானைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் கிடக்கும் மணல் திட்டியில்தான் நாங்கள் எல்லாரும் குடியிருக்கிறோம். சீதனத்துக்கு வீடு கட்டிக் கட்டி வளவுகள் சுருங்கிவிட்டன. வாப்பா காலத்தில் ஒரு தென்னந்தோட்டமாக இருந்த வளவில் இன்றைக்கு மூன்று மகளுக்கு மூன்று வீடு. மதிலோடு மதில் ஒட்டி நிற்கிறது. கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் வரும் மண்ணில் மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குப்பையைப் புதைக்க முன்பு பின்வளவு இருந்தது, இப்போது பின்வளவே இல்லை. மெஷின் ஒரு கிழமை வராவிட்டால் பை வாசலில் நாறும். அதற்கடுத்த நாள் அது தோணாவுக்கோ கடற்கரைக்கோ போகும். தண்ணீர் தேங்கினால் நுளம்பு. நாட்டில் 25 மாவட்டம் இருந்தாலும் சுகாதார அமைச்சு டெங்குக் கணக்கு வைப்பது 26 பிராந்தியங்களுக்கு. அந்த 26ஆவது கல்முனைதான். அம்பாறையிலிருந்து பிரித்து எங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கெடுப்பதில் எங்களுக்குக் குறையில்லை.

மெஷின் ஒழுங்காக வந்துவிட்டால் மட்டும் கதை முடிந்ததா என்றால், இல்லை. கரையோர ஊர்களின் குப்பை போய்ச் சேரும் பள்ளக்காட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒன்பது ஊர்களின் குப்பை கொட்டப்படும் இடம் என்று 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. பொலித்தீனோடு சேர்த்துச் சாப்பாட்டைத் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் அங்கே செத்திருந்தன. அந்த இடத்தைச் சுற்றிப் போட்டிருந்த மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியது. அந்தச் செய்திகள் வந்த நேரம் வரைக்கும் யாரும் அதைத் திருத்தியிருக்கவில்லை. சோற்றுப் பார்சலைக் கட்டிய லஞ்ச் ஷீட்டோடு சேர்த்து வீசும் பழக்கம் எங்களுடையது. யானைக்கு லஞ்ச் ஷீட்டைப் பிரித்துத் தின்னத் தெரியாது. குசினியிலேயே உக்குகிறதை வேறாகவும் உக்காததை வேறாகவும் கட்டிவைக்க மேயர் தேவையில்லை என்று நான் சொன்னால் ராத்தாமார் என்னை ஏசுவார்கள். ஏசட்டும். ஏசுவதற்கு இந்த ஊரில் ஒரு ஆளாவது கிடைத்ததாக இருக்கட்டும்.

மாரி நெருங்கினால் கிட்டங்கிப் பக்கத்து ஆட்களுக்கு நெஞ்சு இடிக்கும். பெருமழைக்கு அங்குள்ள தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையில் போக்குவரத்து நின்றுவிடும். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரஸாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டதை நாங்கள் கண்ணால் கண்டோம். தாம்போதியில் தண்ணீர் ஏறியதும் வீதியை மறித்துக் காவல் போடுவது பெரிய திட்டம் அல்ல. ஒரு கயிறும் இரண்டு ஆட்களும் போதும். அதை யார் செய்ய வேண்டும் என்பதை மழைக்கு முன்னால் பெயர் குறித்து அறிவிக்க வேண்டும்.

ஆணையாளருக்கு என்னிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. தேர்தல் எப்போது வந்தாலும் வரட்டும். அதுவரைக்கும் மாதத்தில் ஒரு நாள், ஒரு வட்டாரம் என்று முறை வைத்து, பாடசாலை மண்டபத்திலோ வாசிகசாலையிலோ உத்தியோகத்தர்களோடு வந்து உட்காருங்கள். பள்ளியிலும் வேண்டாம், கோயிலிலும் வேண்டாம். போன மாதம் சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

வாசகர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள். இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கானுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் கொழும்பில் ஆணைக்குழு இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதுகிறவர்கள் கம்பத்தின் இலக்கத்தையும் பார்த்துச் சேர்த்து எழுதுங்கள். இலக்கம் இல்லாத கடிதத்தை, எந்தக் கம்பம் என்று தெரியவில்லை என்று சொல்லி மடித்து வைத்துவிடுவார்கள்.

(தொடரும்)